முதல் காருக்கு அப்புறம் லீஸா, பழைய வண்டியா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் பதினோரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். வண்டியில் கை வைப்பவர்கள் மெக்கானிக்குகள். ஆர்.சி., இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் என்று காகிதமெல்லாம் என் மேஜைக்கு வரும். வண்டியை சர்வீஸுக்கு விட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் சமீப காலமாக ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள்: முதல் காரைக் கொடுத்துவிட்டு அடுத்து என்ன செய்வது? அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே சேர்த்திருக்கிறேன்.

"ஆல்ட்டோ ஒம்பது வருஷமா ஓடுது. பெரிய தொந்தரவு இல்ல. மாத்தித்தான் ஆகணுமா?"

வேண்டாம். கடந்த ஒரு வருஷத்து பில்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆயில், டயர், பேட்டரி எல்லா வண்டிக்கும் வரும் செலவு, அதைத் தள்ளிவிடுங்கள். மீதி இருக்கும் ரிப்பேர் செலவு வருஷத்துக்கு நாற்பது, ஐம்பதாயிரத்தைத் தொட்டால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். இல்லையென்றால், வீட்டில் ஆள் கூடிவிட்டது, அம்மாவுக்கு ஏறி இறங்க முடியவில்லை, தினமும் தஞ்சாவூர் போய் வர வேண்டியிருக்கிறது என்று ஏதாவது நிஜமான காரணம் வேண்டும். பக்கத்து வீட்டில் புது வண்டி வந்தது காரணம் ஆகாது.

15 வருஷம் ஆனால் வண்டியை உடைத்துவிடுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். அது டெல்லிப் பக்கத்துக் கட்டுப்பாடுகளைக் கேட்டு வந்த பயம். இங்கே சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருஷம். அப்புறம் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, தகுதி இருந்தால் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

"லீஸுன்னா வீட்டு லீஸ் மாதிரியா அண்ணே? மொத்தமா ஒரு தொகை கொடுத்துட்டு, முடியும்போது திரும்ப வாங்கிக்கலாமா?"

பாதிப் பேர் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் வீட்டை லீஸுக்கு எடுப்பது என்றால் ஒத்திக்கு எடுப்பது: ஐந்து லட்சம் கொடுப்போம், வாடகை கிடையாது, காலி பண்ணும்போது ஐந்து லட்சமும் திரும்பி வரும். கார் லீஸ் அப்படி இல்லை. அது நிலக் குத்தகை மாதிரி. நிலம் அவருடையது, உழுது பயிர் வைப்பது நாம், குத்தகையை அளந்துவிட வேண்டும். முடிந்ததும் நிலம் அவரிடமே போய்விடும்.

காரில் அந்தக் குத்தகை மாத வாடகை. ஒரு வருஷத்திலிருந்து நான்கு வருஷம் வரை ஒப்பந்தம் போடுகிறார்கள். இன்சூரன்ஸ், சர்வீஸ் பெரும்பாலும் வாடகையிலேயே அடங்கும். பெட்ரோல் நம்முடையது. வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு இருக்கும், தாண்டினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கூடுதலாகக் கட்ட வேண்டும். முன்பணம் கொஞ்சம் வாங்கினால் அது திரும்பி வரும். வாடகை திரும்பி வராது.

"அப்ப நம்ம ஊர்லயே ஒருத்தர் மூணு லட்சம் கொடுத்தா ஒரு வருஷம் இன்னோவா ஓட்டிக்கலாம், பணம் திரும்பக் கிடைக்கும்னு சொல்றாரே?"

அது லீஸ் இல்லை, அடமானம். பணமுடை வந்தவர் தன் வண்டியை உங்களிடம் விட்டுவிட்டுப் பணம் வாங்குகிறார். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் ஆர்.சி.யில் உரிமையாளர் அவர்தான். பெரும்பாலும் வண்டியின் மேல் ஃபைனான்ஸ் கடன் பாக்கி இருக்கும். அவர் தவணை கட்டாமல் விட்டால் ஃபைனான்ஸ்காரர்கள் உங்கள் வாசலில் வந்து வண்டியைத் தூக்குவார்கள். நீங்கள் கொடுத்த மூன்று லட்சம் அவர்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு பெரியவர் மகள் கல்யாண அலைச்சலுக்கு இருக்கட்டும் என்று இப்படி ஒரு வண்டியை எடுத்திருந்தார். பிரேக் பார்க்க எங்களிடம் விட்டிருந்தபோது இரண்டு பேர் சாவியோடும் கடிதத்தோடும் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். பின் சீட்டில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு இருந்தது. அதையாவது எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் கேட்டு வாங்கியதை மறக்க முடியவில்லை. எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும் இந்த வழிக்குப் போகாதீர்கள்.

"நிஜமான லீஸ் கும்பகோணம், மாயவரம் பக்கம் கிடைக்குமா?"

மாருதி, ஹூண்டாய் போன்ற கம்பெனிகள் லீஸ், சந்தா என்ற பெயரில் திட்டம் நடத்துகின்றன. ஆனால் அவை பெருநகரங்களைக் கணக்கில் வைத்து வந்தவை. சென்னை முகவரியில் எடுத்து இங்கே ஓட்டலாம் என்று நினைத்தால், வண்டியை எங்கே நிறுத்துவீர்கள், சர்வீஸ் எங்கே, பாதி வழியில் நின்றால் மாற்று வண்டி எங்கிருந்து வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நம்பர் பிளேட்டையும் கேளுங்கள். சில திட்டங்களில் வண்டி உங்கள் பெயரில் வெள்ளை பிளேட்டில் வரும். சிலவற்றில் கம்பெனி பெயரில், கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தோடு, வாடகை வண்டியாக வரும். ஊரில் அந்தக் கறுப்பு பிளேட்டைப் பார்த்து 'யார் வண்டி?' என்று கேட்பார்கள். உங்களுக்கு அது பொருட்டில்லை என்றால் சரி.

"மாசம் இருபதாயிரம்தானே, இ.எம்.ஐ. மாதிரிதானே? எது லாபம்னு கணக்குப் போட்டுக் காட்டுங்க."

எண்கள் ஓர் உதாரணத்துக்குத்தான். உங்களுக்குச் சொல்லும் விலையை இதே இடத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு லட்ச ரூபாய் வண்டிக்கு மாதம் 20,000 வாடகை என்றால் மூன்று வருஷத்தில் 7,20,000. முடிவில் கையில் எதுவும் இல்லை.

அதே வண்டியை ரொக்கத்துக்குப் புதிதாக வாங்கி, மூன்று வருஷம் கழித்து ஐந்து லட்சத்துக்கு விற்றால் இழப்பு 3 லட்சம். இன்சூரன்ஸும் சர்வீஸும் 1,10,000. எட்டு லட்சம் பேங்கில் இருந்திருந்தால் 7 சதவீதத்தில் கிடைத்திருக்கும் வட்டி சுமார் 1,70,000. மொத்தம் 5,80,000. நாலரை லட்சத்துக்குப் பழைய வண்டி வாங்கி 2,75,000-க்கு விற்றால் இழப்பு 1,75,000, பராமரிப்பும் இன்சூரன்ஸும் 1,25,000, இழந்த வட்டி 95,000. மொத்தம் 3,95,000.

கிளட்ச் போனது, ஏ.சி. கம்ப்ரஸர் போனது என்று பழைய வண்டியில் இன்னும் ஒரு லட்சம் செலவானால்கூட மற்ற இரண்டையும் எட்டாது. பணம் மட்டும்தான் கேள்வி என்றால் பதில் இதுதான். லீஸில் ரிப்பேர் கவலை இல்லை, விற்கிற அலைச்சல் இல்லை. அந்த நிம்மதிக்குக் கொடுக்கும் விலை எவ்வளவு என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

"எங்களுக்கு வருமானம் அறுவடைக்கு அறுவடைதான். அதுக்கு எது தோது?"

லீஸ் தோதுப்படாது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை, தள்ளிப்போனால் சம்பா மட்டும். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, ஈரப்பதம் பார்த்து, பணம் கணக்கில் ஏறும்வரை கையில் காசு இருக்காது. மாத வாடகைக்கு இதெல்லாம் தெரியாது, 5-ஆம் தேதி என்றால் 5-ஆம் தேதிதான். இரண்டு மாதம் தவறினால் வண்டியை எடுத்துக்கொள்வார்கள். நடுவில் நீங்களே திருப்பிக் கொடுத்தால் அதற்கும் ஒப்பந்தப்படி ஒரு தொகை கட்ட வேண்டும்.

உங்களுக்கு, தை, மாசியில் சம்பாப் பணம் வந்ததும் அந்தப் பணத்துக்குள் அடங்குகிற பழைய வண்டியை ரொக்கமாக வாங்குவதுதான் பொருந்தும். கடன் வேண்டியிருந்தால் அரையாண்டுத் தவணைக்கு ஒத்துக்கொள்கிற பேங்கைக் கேட்டுப் பாருங்கள். விவசாயிகளுக்கு அப்படிக் கொடுப்பது உண்டு.

"பையன் சென்னைல ஐ.டி. கம்பெனில இருக்கான். கம்பெனியே லீஸ்ல கார் தருதாம்."

அது வேறு கணக்கு. வாடகையைச் சம்பளத்தில் வரிக்கு முன்பே பிடிப்பதால், அதிக வரி கட்டுகிறவர்களுக்கு மிச்சம் வரும். கம்பெனியின் கணக்குப் பிரிவில் 'லீஸ் எடுத்தால் கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு, எடுக்காவிட்டால் எவ்வளவு' என்று இரண்டு எண் மட்டும் வாங்கச் சொல்லுங்கள். வேலையை விட்டால் என்ன ஆகும் என்பதையும் கேட்கச் சொல்லுங்கள். மீதித் தொகையைக் கட்டி வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள், இல்லையென்றால் அபராதம் கட்டித் திருப்பிக் கொடுக்கச் சொல்வார்கள்.

"பழசுதான்னு முடிவு பண்ணியாச்சு. எத்தனை வருஷத்து வண்டி பார்க்கலாம்?"

மூன்றிலிருந்து ஆறு வருஷம். விலை வேகமாக விழும் காலத்தை முதல் ஓனர் தாங்கியிருப்பார். பெரிய ரிப்பேர்கள் இன்னும் வந்திருக்காது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தது பி.எஸ். 6, அதாவது புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டி. இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கு ஏற்ற வண்டிதானா என்று கையேட்டிலோ பெட்ரோல் மூடி ஸ்டிக்கரிலோ பாருங்கள்.

பேரம் பேச ஒரு விஷயம். 2025 செப்டம்பர் 22-லிருந்து சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 'புதுசு அப்ப எட்டரை லட்சம் சார்' என்று பழைய விலையை வைத்து யாராவது பேசினால், இன்றைய புது விலையைக் கேட்டு அதிலிருந்து கழியுங்கள். அப்புறம், தனி ஆளிடம் வாங்கினால் ஜி.எஸ்.டி. கிடையாது. டீலர் கட்டும் 18 சதவீதம் அவருடைய லாபத்தின் மேல்தான், முழு விலையின் மேல் இல்லை. முழு விலைக்கும் சேர்த்துக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

"தண்ணில நின்ன வண்டின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

டெல்டாவில் பழைய கார் வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். 2018 நவம்பரில் கஜா, 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை, 2023 டிசம்பரில் சென்னையில் மிக்ஜாம். இப்படி ஒவ்வொரு மழைக்கும் மூழ்கிய வண்டிகளில் ஒரு பங்கு கழுவித் துடைத்து விற்பனைக்கு வரத்தான் செய்யும். வெளியே பாலிஷ் போட்டு உள்ளே புது சீட் கவர் மாட்டிவிட்டால் பார்த்ததும் தெரியாது.

எங்கள் தலைமை மெக்கானிக் வண்டியின் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசிவரை இழுப்பார். வெளியே தெரியும் பகுதியைக் கழுவியிருப்பார்கள், சுருளுக்குள் இருக்கும் கடைசி ஒரு முழம் கழுவாமல் இருக்கும். அங்கே தேநீர்க் கறை மாதிரி ஒரு கோடு இருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. அடுத்து, முன் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு, அது ஓடும் இரும்புத் தடத்தில் விரலை விட்டு வழித்துப் பார்ப்பார். சாதாரணத் தூசி விரலில் சாம்பல் நிறத்தில் ஒட்டும். வண்டல் பழுப்பாக, மாவு மாதிரி நைசாக வரும். காவேரிக் கரையில் பிறந்தவர்களுக்கு அந்த மண் தெரியாமல் போகாது. ஸ்டெப்னி டயரைத் தூக்கி அந்தக் குழியைப் பாருங்கள், தரை விரிப்பின் ஓரத்தைக் கிளப்பி மோந்து பாருங்கள். எல்லாக் கண்ணாடியும் ஏற்றிவிட்டு வெயிலில் அரை மணி நிறுத்தியபின் கதவைத் திறந்தால் வரும் முதல் வாடை பொய் சொல்லாது. சென்ட் வாடை தூக்கலாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டி என்றால் வெள்ளம் இல்லாவிட்டாலும் உப்புக் காற்று இருக்கிறது. அடியில் படுத்துப் பார்த்து, கதவின் கீழ் விளிம்பையும் சைலன்சர் மாட்டியிருக்கும் இடத்தையும் ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நெல் கிடங்கு, வைக்கோல் போர் பக்கத்தில் நின்ற வண்டியில் எலி ஒயரைக் கடித்திருக்கும். எல்லா விளக்கும், எல்லா ஜன்னலும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

"கிலோமீட்டரைக் குறைச்சிருப்பாங்களா?"

குறைப்பவர்கள் இருக்கிறார்கள். வண்டி எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரம் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 3521 என்றால் 2021-ஆம் வருஷத்து 35-வது வாரம். மீட்டர் 25,000 காட்டுகிற வண்டியில் நான்கு டயரும் புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

"காரைக்கால் வண்டி விலை கம்மியா இருக்கே, வாங்கலாமா?"

வாங்கலாம், ஆனால் பி.ஒய். 02 பிளேட்டோடு இங்கேயே வைத்துக்கொள்ள முடியாது. ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு காரைக்காலில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, டி.என். எண் வாங்க வேண்டும். வரியையும் அலைச்சலையும் கூட்டினால் விலையில் தெரிந்த லாபம் பெரும்பாலும் கரைந்துவிடும். திருவாரூரின் டி.என். 50 வண்டியைக் கும்பகோணத்தில் வாங்குவதற்கு இந்தத் தொல்லை இல்லை.

"ஆர்.சி.ல ஃபைனான்ஸ் பேர் இருக்கு. கடனைக் கட்டிட்டேன்னு விக்கிறவர் சொல்றார்."

கட்டியிருக்கலாம். ஆனால் ஆர்.சி.யில் பெயர் நீங்கும்வரை கட்டியதாகக் கணக்கில்லை. ஃபைனான்ஸ் கம்பெனி தரும் என்.ஓ.சி.யும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் சேர்த்துக் கொடுத்தால்தான் ஆர்.டி.ஓ. ஆபீஸில் நீக்குவார்கள். அதற்கு முன் டோக்கன் அட்வான்ஸுக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எத்தனையாவது ஓனர், ஃபைனான்ஸ் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்று வந்துவிடும். இ-செலான் பாக்கியையும் அதே நாளில் பாருங்கள்.

"பழைய வண்டிக்கு லோன் பத்து வட்டிதான்னு சொல்றாங்க. பேங்க்ல பதினாலு. எது கம்மி?"

பேங்கின் பதினாலுதான் கம்மி. ஃபைனான்ஸ்காரர்கள் சொல்லும் பத்து, ஃப்ளாட் வட்டி. நீங்கள் அசலைக் கட்டக் கட்ட அது குறையாது, கடைசி மாதம்வரை முழு அசலுக்கும் வட்டி. நான்கு லட்சம், நான்கு வருஷம் என்றால் வட்டி 1,60,000, மாதத் தவணை 11,667. பேங்கில் குறையும் அசலுக்கு 14 சதவீதம் என்றால் தவணை சுமார் 10,930, வட்டி சுமார் 1,25,000. அந்தப் பத்தைப் பேங்க் பாஷையில் சொன்னால் ஏறக்குறைய 17.5 சதவீதம். வட்டியைக் கேட்காதீர்கள், மாதத் தவணையைக் கேட்டு, மாதங்களால் பெருக்கிப் பாருங்கள்.

"என் பழைய காரை வித்துட்டேன். வாங்கினவர் பேர் மாத்திக்கிறேன்னு சொன்னார். நான் என்ன பண்ணணும்?"

உடனே நீங்களே போய்ப் பாருங்கள். என் முதல் வண்டியை ஒரு புரோக்கரிடம் கையெழுத்துப் போட்ட தாள்களோடு கொடுத்துவிட்டு வந்தேன். எட்டு மாதம் கழித்து வேறு மாவட்டக் காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. வண்டி ஒரு விபத்தில் சம்பந்தப்பட்டிருந்தது, ஆர்.சி.யில் என் பெயர். நான் விற்றுவிட்டேன் என்று நிரூபிக்க என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. இரண்டு வருஷம் அலைந்தேன். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

விற்றவர் 14 நாளுக்குள் படிவம் 29-ல் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் படிவம் 30-ல் விண்ணப்பிக்க வேண்டும். டீலரிடம் விட்டால் அவர் அங்கீகாரம் பெற்றவரா என்று கேட்டு, படிவம் 29சி-யில் ஒப்படைத்ததைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. தேதி, நேரம் எழுதிய ரசீதும் வாங்கியவர் ஆதார் நகலும் உங்கள் கையில் இருக்கட்டும்.

"இன்சூரன்ஸ் பழைய ஓனர் பேர்லயே ஓடட்டுமே, இன்னும் ஏழு மாசம் இருக்கே?"

விபத்தில் மூன்றாம் நபருக்கு வரும் சேதத்துக்கு அந்தப் பாலிசி செல்லும். உங்கள் வண்டிச் சேதத்துக்குச் செல்லாது. 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அவருடைய நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் போடாததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, உங்களுக்கு வராது. அது வண்டிக்கு உள்ளது இல்லை, ஆளுக்கு உள்ளது. வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்வார்கள்.

இதே விதி உங்களுக்கு லாபமாகவும் இருக்கிறது. முதல் காரில் ஐந்து வருஷம் கிளைம் போடாமல் 50 சதவீதம் போனஸ் சேர்த்திருந்தால், விற்றதும் அதற்கான சான்று வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வருஷத்துக்குள் வாங்கும் அடுத்த வண்டிக்கு, பழையதோ புதியதோ, அது செல்லும். வண்டி உங்கள் பெயரில் இல்லாத லீஸில் இந்தப் போனஸ் வீணாகக் கிடக்கும். முந்தைய கணக்கில் நான் இதைச் சேர்க்கவில்லை.

"கார் அப்பா பேர்ல இருக்கு. அப்பா தவறிட்டார். இப்ப எக்ஸ்சேஞ்ச்ல கொடுக்க முடியுமா?"

அப்படியே கொடுக்க முடியாது. இறந்தவர் கையெழுத்தைப் போட்டு முடித்துத் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள், அது மோசடி வழக்கில் போய் நிற்கும். இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்தால் மூன்று மாதம்வரை அதே பெயரில் ஓட்டலாம். அதற்குள் படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் கேட்பார்கள். அம்மாவும் தங்கையும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்பதை முன்பே சொல்லி வையுங்கள், பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லோரும் ஒன்றாக இருக்கும்போதே வாங்கிவிட்டால் நல்லது.

போன மாதம் ஒரு தம்பி இதற்காக வந்தான். பெயர் மாறி வந்ததும் காரை விற்பதாகத்தான் இருந்தான். ஆர்.சி.யை வாங்கிக்கொண்டு போனவன் மறுநாள் வந்து, நான்கு டயரும் மாற்றி, ஏ.சி.யும் பார்த்துத் தரச் சொன்னான். மேலே முதல் கேள்விக்குச் சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தோம். வருஷத்துக்குப் பதினோராயிரம்தான் ரிப்பேர் வந்திருந்தது.